மதுரைத் திட்டம்

தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வழங்கும் முயற்சி. 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் இதன் தலைவர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைத் தலைவர்.

மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் மின்னூல் திட்டம் இதற்கு முன்னோடி. இத்திட்டத்துக்கு முன்னரே இணையத்தில் தமிழை முதலில் ஏற்றியவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி (1995) என்பது பரவலான கருத்து.

திட்டத்தின் மின்னூல் வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. ஆத்திசூடி முதலான ஔவையார் நூல்கள் அடுத்த எண்ணில் வந்தன. யாருக்கும் ஊதியம் கிடையாது. ஒருவர் நூலைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்ப, வேறொரு நாட்டில் இருப்பவர் மெய்ப்புத் திருத்துவார். பழைய பதிப்புகளைக் கையாள்வது தனி உழைப்பு. 1978 அரசாணைக்கு முந்தைய அச்சில் லை, னை, ணை ஆகியவை தும்பிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவை ஒட்டிய ஒற்றை வடிவாகவும் இருக்கும். அவற்றை இன்றைய எழுத்துக்கு மாற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும் பக்கங்களில் பொருள் தெரிந்தவரால்தான் பிழை பிடிக்க முடியும். பின்னாளில் வந்த பகிர்ந்து மெய்ப்புப் பார்க்கும் முறையில் நூலின் பக்கப் படங்கள் இணையத்தில் வைக்கப்பட்டன. பலரும் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டு ஒரே நூலை முடித்தனர்.

ஒவ்வொரு மின்னூலின் தலைப்பகுதியிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் உண்டு. அச்சு நூல்களில் அச்சுக் கோத்தவர் பெயரைக் காண்பது அரிது என்பதால் இவ்வழக்கம் குறிப்பிடத்தக்கது. அந்தத் தலைப்பகுதியை நீக்காமல் கோப்பை யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்பதே வழங்கலுக்கான நிபந்தனை.

தொடக்கக் கோப்புகளுக்குக் கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை உள்ளிட்ட எழுத்துருக்கள் பயன்பட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பாட்டு முழுவதும் ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். பின்னர் திஸ்கி குறியேற்றம் வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாப், டாம் குறியேற்றங்களை ஏற்றபோதும் திட்டம் திஸ்கியிலேயே நின்றது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறியது 2004 வாக்கில். திஸ்கியில் ‘கெ’ என்பதன் கொம்பு முதலிலும் ககரம் பின்னும் பதிவாகும். ஒருங்குறியில் ககரமே முதலில். ஆகவே எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது. குறிகளின் வரிசையையும் மாற்ற வேண்டியிருந்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தராத ஒருங்குறி தமிழுக்குப் பொருந்துமா என்பதில் இருவேறு கருத்துகள் நிலவின. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்று, டேஸ்16 குறியேற்றத்தை மாற்று ஏற்பாடாக வைத்தது.

உரிமைக் காலம் கடந்த நூல்களோடு, அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளும் சேர்க்கப்பட்டன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அவ்வாறு சேர்ந்ததே. பல இலக்கியங்களுக்கு மூலபாடம் மட்டுமே இருப்பதால் பாடவேறுபாடு ஆராய்வோர்க்கு இவை போதா என்பர். ஆனால் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என நொடியில் தேடும் வசதி, நூலகம் எட்டாத ஊரில் படிக்கும் மாணவர்க்கும் கிடைத்தது.

இதைப் போன்ற மற்றொரு முயற்சியாக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் ஆவணங்களில் கவனம் செலுத்துகிறது. அண்மைக் காலத்தில் மதுரைத் திட்டத்தின் சில நூல்கள் கூகுள் எழுத்துணரியின் உதவியோடு உருவாகின்றன. அவற்றுக்கும் மெய்ப்புப் பார்ப்பது தன்னார்வலர்களே.