கோணிப்பையும் கூலியும்

வறியோர்க்குப் பழந்துணி ஈவது திருச்சபை நெடுங்காலமாகச் செய்துவரும் தொண்டாகும். ஆயினும், அவ்வீகை பெறுபவனை எந்நிலையில் வைக்கிறது என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1902ஆம் ஆண்டில் தோன்றிய ‘குட்வில்’ இயக்கத்தின் வரலாறு இவ்வினாவை நம் முன் வைக்கிறது.

அவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவர் எட்கர் ஜேம்ஸ் ஹெல்ம்ஸ் (1863–1942) என்னும் மெதடிஸ்டு போதகர். அவர் 1895இல் மார்கன் சிற்றாலயத்தின் பொறுப்பை ஏற்றார். 1893இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியின் துயரம் அப்போது தணிந்திருக்கவில்லை. ஆலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்தோருள் பிற நாடுகளிலிருந்து குடியேறிய வறியோர் பலர்.

ஹெல்ம்ஸ் கோணிப்பைகளுடன் செல்வர் வாழும் தெருக்களுக்குச் சென்று, அவர்கள் வேண்டாமென ஒதுக்கிய உடைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் திரட்டினார். அவற்றை வெறுமனே பகிர்ந்தளிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. வேலையற்றோரை அழைத்து, அவற்றைச் செப்பனிடப் பயிற்றுவித்தார். செப்பனிடப்பட்டவை குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. விற்று வந்த பணம் உழைத்தோர்க்குக் கூலியாயிற்று. ‘தருமம் அன்று, வாய்ப்பு’ என்பதே இயக்கத்தின் கொள்கையுரையாக நிலைத்தது.

இம்முறை இயங்கும் விதம் எளிது. கொடையாக வந்த பொருளுக்குக் கொள்முதல் விலையில்லை. ஆகவே, விற்பனைப் பணத்தில் பெரும்பங்கைக் கூலிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க இயலும். வாங்குபவனும் இரவலனாக நிற்பதில்லை. விலை கொடுத்து, தான் விரும்பியதைத் தெரிந்தெடுக்கிறான். வயலின் ஓரத்தை அறுக்காது ஏழைக்கு விட்டுவிடும்படி கற்பித்த பழைய ஏற்பாட்டுப் பிரமாணமும் இத்தகையதன்றோ? அங்கே ரூத் தன் கைகளாலேயே பொறுக்கினாள்.

1915இல் புரூக்ளினில் தோன்றிய ‘குட்வில்’ என்னும் பெயர் பின்னர் இயக்கம் முழுவதற்கும் உரியதாயிற்று. காலப்போக்கில் உடற்குறையுடையோரின் தொழிற்பயிற்சி அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. ஆனால் இவ்வரலாற்றில் ஒரு நிழலும் உண்டு. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், உடற்குறையுடையோர்க்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் தாழ்வாக ஊதியம் அளிக்க இடமளித்தது. அவ்விடத்தைப் பயன்படுத்திய நிறுவனங்களுள் குட்வில் கிளைகள் சிலவும் இருந்தன. இது பிற்காலத்தில் கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பயிற்சி என்னும் பெயரால் உழைப்பின் மதிப்பைக் குறைத்தால், வாய்ப்பு மீண்டும் தருமமாகிவிடும் என்பதை இது காட்டுகிறது.

கொடுப்போர்க்கும் இதில் கடமையுண்டு. செப்பனிட இயலாத குப்பையை அனுப்பினால், அதை அகற்றும் செலவு பயிற்சிக்குரிய பணத்தையே குறைக்கும். ஆகவே, பழம்பொருள் ஈயும் நாம் இரண்டு காரியங்களைக் கேட்டறிவோமாக: நாம் தரும் பொருள் ஒருவர் கைக்கு வேலையாகுமா? அவ்வேலைக்குரிய கூலி அவருக்கு முழுமையாகக் கிடைக்குமா? இவ்விரண்டையும் கேளாத ஈகை, நம் வீட்டின் இடநெருக்கடியைத் தீர்ப்பதோடு நின்றுவிடக்கூடும்.