மூணு நாள்ல ஒரு தெருவை மாத்தின மேயர்

பூமிக்கடியில மெட்ரோ தோண்டினாத்தான் ஊர் உருப்படும்னு சொல்றவங்க, பிரேசில்ல இருக்கிற குரிடிபா கதையைக் கொஞ்சம் கேளுங்க.

1960கள்ல அங்கேயும் நம்ம ஊர் கதைதான். ஜனங்க வந்து குவிய, தெருவையெல்லாம் அகலப்படுத்தணும்னு பேச்சு. ஊரை வட்டமா வீங்க விடாம, மையத்துலேருந்து நீளுற சில அச்சுகள்ல மட்டும் வளர விடலாம்னு 1966ல ஒரு திட்டம் ஏற்கப்பட்டது. அதுக்கு உயிர் கொடுத்தவர் 1971ல மேயரான ஜெய்மி லெர்னர். கட்டடக்கலைஞர், வயசு 33!

1972 மே மாசம், முக்கியக் கடைத்தெருவுல கார் கூடாதுன்னு முடிவாச்சு. வியாபாரிங்க விடுவாங்களா? கோர்ட்டுக்குப் போயிட்டா வேலை நின்னுடும். அதனால வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆரம்பிச்சு 72 மணி நேரத்துல தெருவையே மாத்திட்டாங்க. அடுத்த வாரம் காரோட்டிங்க கூட்டமா நுழையப் போறாங்கன்னு தெரிஞ்சதும், தெரு நெடுக காகிதத்தை விரிச்சு குழந்தைங்களை உட்காரவெச்சு படம் வரையச் சொன்னாங்களாம். யார் வண்டியை ஏத்துவா? (கில்லாடி மனுஷன்!) பின்னாடி அதே கடைக்காரங்க, இன்னும் கொஞ்ச தூரம் நீட்டுங்கன்னு கேட்டது தனிக்கதை.

ஆனா எனக்குப் பிடிச்சது 1974ல வந்த பஸ் தடம்தான். நடுத்தெருவுல பஸ்ஸுக்குன்னு தனி வழி. ரெண்டு பக்கமும் ஒரு தெரு தள்ளி, வேகமாப் போற ஒருவழிச் சாலைகள். உயரமான கட்டடங்களுக்கு அனுமதி இந்த அச்சை ஒட்டித்தான். தள்ளிப் போகப் போக உயரம் குறையணும். விளைவு? நிறைய பேர் ஸ்டாப்புக்கு நடந்தே வர்ற தூரத்துல குடியிருந்தாங்க. 1991ல கண்ணாடிக் குழாய் மாதிரி நிலையங்கள் வந்துச்சு. டிக்கெட்டை முன்னாடியே வாங்கிட்டு, படியேறாம அப்படியே பஸ்ஸுக்குள்ள நடக்கலாம்.

இடறுற விஷயமும் இருக்கு. அப்போ பிரேசில்ல ராணுவ ஆட்சி. லெர்னர் ஓட்டு வாங்கி வந்த மேயர் இல்லை, நியமிக்கப்பட்டவர். அச்சை ஒட்டின நிலம் விலையேற, ஏழைங்க பலர் ஊர் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டாங்க. பஸ் அதிகம் தேவைப்பட்டதே அவங்களுக்குத்தான். இதைச் சொல்லாம குரிடிபாவைக் கொண்டாடுறது எனக்கு ஒப்பலை.

2000ல போகோட்டா, 2009ல நம்ம அகமதாபாத்னு பல ஊர்கள் தனிப் பஸ் தடம் போட்டுச்சு. தடத்தை ஒரு மேயர் காலத்துல போட்டுடலாம். அதையொட்டி ஊர் வளர, கட்டட விதியை முப்பது நாப்பது வருஷம் விடாமப் பிடிச்சுக்கணும்.