கடை வாசலில் ஒரு கொடி

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் பையன்தான். கூடல் நகர் பக்கம் செக்கு எண்ணெய்க் கடை திறக்கிறானாம்.

"டீச்சர், தெருமுனையில பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ் கட்டவா, இல்ல வாசல்ல ஸ்டாண்டு பேனர் வைக்கவா? நீங்களே சொல்லுங்க" என்றான்.

வியாபாரம் எனக்குத் தெரியாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதியவள். பிறந்து வளர்ந்ததும் மதுரையில். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கடைக்கு அடையாளம் வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது, பத்துப்பாட்டில் மிக நீளமானது. அதில் பகலில் நடக்கும் நாளங்காடியும் இரவில் நடக்கும் அல்லங்காடியும் வருகின்றன. விழாவுக்கு ஏற்றிய கொடி, வெற்றிக்கு ஏற்றிய கொடி, இவற்றோடு கள் விற்கும் இடத்துக் கொடியும் பறக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இங்கே என்ன கிடைக்கும் என்று அந்தத் துணி சொல்லிவிடும்.

பட்டினப்பாலையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளில் நல்லாசிரியர்கள் வாதுக்கு அழைத்து நாட்டிய கொடியும் ஒன்று! அந்தக் காலத்தில் வாத்தியார்களுக்கும் பேனர் இருந்திருக்கிறது. ஆனால் அதில் வாத்தியார் முகம் இல்லை.

எங்கள் சின்ன வயதில் மாசி வீதிகளில் துணி பேனர், தகரப் பலகை, நீலமும் வெள்ளையுமாக எனாமல் போர்டு என்று பார்த்திருக்கிறோம். போர்டு எழுதுகிறவர் முதலில் சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போடுவார். எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்ப்பார். எல்லாம் முடிந்தபின் மூலையில் தன் பெயரைப் பொடி எழுத்தில் போடுவார். ஒரு போர்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். நாளும் கூலியும் ஆவதால், தேவையான சொல்லை மட்டும்தான் கடைக்காரர் எழுதச் சொல்வார்.

கடை திறக்கும் இந்தப் பையனின் அப்பாவும் போர்டு எழுதியவர்தான். எங்கள் பள்ளிச் சுவரில் தமிழ்நாடு வரைபடத்தையும் திருக்குறளையும் எழுதித் தந்தவர் அவர்.

2000-க்குப் பிறகு டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் ஊரெங்கும் வந்தது. சாயங்காலம் படம் கொடுத்தால் காலையில் பேனர் கைக்கு வந்துவிடும். சதுர அடிக் கணக்கு, விலையும் மலிவு. மலிவானதும் அளவு பெருத்தது, கடையின் பெயர் சிறுத்து முகங்கள் பெருத்தன. காதுகுத்து, கல்யாணம், பிறந்தநாள், இரங்கல் எல்லாவற்றுக்கும் மதுரையில் பேனர். போர்டு எழுதியவர்கள் கையில் வேலை இல்லாமல் போயிற்று. இவன் அப்பா கடைசியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. டிஜிட்டல் பேனருக்கு அனுமதி வாங்க 2011-ல் தனி விதிகள் வந்தன. நீதிமன்றமும் பலமுறை கண்டித்தது. இருந்தும் 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் அலங்கார வளைவில் மோதி ஓர் இளைஞர் இறந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைத்த கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. தடுமாறி விழுந்தவள் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவள் வயதில் எத்தனையோ பேருக்கு நான் அ, ஆ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டேன்: "நீ சொல்ற தெருமுனையில வண்டி திரும்புறவனுக்கு எதிர்ப்பக்கம் தெரியுமா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "தெரியாது டீச்சர்" என்றான்.

"அப்ப அது வேண்டாம். வாசலுக்கு உள்ளே, உன் இடத்திலேயே வை" என்றேன்.

ஸ்டாண்டிலும் வகை உண்டு. சுருட்டி வைக்கும் ரோல்-அப் ஸ்டாண்டுக்கு அடியில் ஸ்பிரிங் உள்ள பெட்டி இருக்கும். கடைக்குள்ளும் கண்காட்சியிலும் நன்றாக நிற்கும். பின்னால் பெருக்கல் குறி போலக் கம்பிகள் உள்ள எக்ஸ் ஸ்டாண்டு விலை குறைவு, எடையும் குறைவு. இரண்டையும் வெளியே வைக்கக் கூடாது. நம் ஊர் ஆடிக் காற்றுக்கு ஆறடித் துணி பாய்மரம் மாதிரி. வெளித் திண்ணைக்கு இருபக்கமும் எழுதிய, கால் விரித்து நிற்கும் தாழ்ந்த பலகைதான் சரி. அதற்கும் அடியில் கனம் வேண்டும்.

எழுத்தைப் பற்றி எனக்கே தெரியும். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும் என்பது. பத்தடி தூரத்தில் சிரமமில்லாமல் படிக்க ஓர் அங்குல உயர எழுத்தாவது வேண்டும். இருபது அடிக்கு இரண்டு அங்குலம். முழங்காலுக்குக் கீழே எழுதினால் யாரும் குனிந்து படிக்கமாட்டார்கள். கடையின் பெயர், என்ன எண்ணெய், போன் நம்பர், இது போதும். உன் முகத்தை வாங்க யாரும் வரப்போவதில்லை.

துணியையும் யோசிக்கச் சொன்னேன். ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி. மட்காது, கொளுத்தினால் நச்சுப்புகை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வைக்கோல் போரை மூடவும் நெல் காயப்போடவும் பழைய பேனர் உதவுகிறது, உண்மைதான். அதற்கும் ஓர் அளவு உண்டு. பருத்தித் துணியில் எழுதினால் கிழிந்தபின் கரித்துணியாகவாவது ஆகும்.

நேற்று போன் செய்தான். கடைக்குள் ஒரு ரோல்-அப், வாசலில் ஒரு மரப்பலகை என்று முடிவாம். பலகைக்கு எழுத்து அமைப்பைப் பென்சிலில் போட்டுக் கொடுத்தது அவன் அப்பா. கை நடுங்குகிறதாம், பிரஷ் பிடிக்க முடியவில்லையாம். பெயின்ட் அடித்தது மகன்.

"மூலையில அப்பா பேரைப் போட்டியா?" என்று கேட்டேன்.

"முதல்ல அதைத்தான் போட்டேன் டீச்சர்" என்றான்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் போர்டு எழுதியிருப்பார். அவர் பெயர் நினைவிருந்தால் எழுதுங்கள்.