தொலைந்துபோன தீவு

குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர்களிடம், "இதெல்லாம் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்புவார்கள். நானும் மழுப்பியிருக்கிறேன். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் மழுப்பவில்லை. 'புதையல் தீவு' பிறந்த விதத்தை 1894-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் மனம் விட்டுச் சொல்லிவிட்டார்.

1881-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தில் பிரேமார் என்னும் மலையூர். ஓயாத மழை. மனைவியின் முதல் மணத்துப் பிள்ளை லாயிட் வர்ணம் தீட்டிப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தான். அவனோடு உட்கார்ந்து விளையாட்டாக ஒரு தீவின் படத்தை வரைந்தார் ஸ்டீவன்சன். பார்க்கப் பார்க்க அந்தக் காட்டுக்குள்ளிருந்து கதையின் ஆட்கள் தலை நீட்டினார்களாம்! நாளைக்கு ஓர் அத்தியாயம். எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவார். கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளரான தந்தையும் சிறுபிள்ளையாகிவிட்டார். கொள்ளைக்காரன் பெட்டியிலிருந்த சாமான்களுக்கு அவரே ஜாபிதா எழுதிக் கொடுத்தார். ஒற்றைக்கால் சில்வர், நோயால் காலை இழந்த நண்பர் ஹென்லியின் சாயல். அதை அந்த நண்பரிடமே ஒப்புக்கொண்டார். வாஷிங்டன் இர்விங்கிடமிருந்து எடுத்ததையும் ஒளிக்கவில்லை. இந்தத் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

பதினைந்து அத்தியாயத்தோடு பேனா நின்றது. பிறகு ஸ்விட்ஜர்லாந்தில் டாவோஸ் நகரில்தான் முடித்தார்.

1883-இல் புத்தகமாக வந்தது. அதற்காகப் பதிப்பகத்துக்கு அனுப்பிய படம் போய்ச் சேரவில்லை. படத்திலிருந்து கதை பண்ணியவர், இப்போது கதையை அளந்து அளந்து படம் பண்ண வேண்டியதாயிற்று! தந்தையின் அலுவலகத்தில் திமிங்கிலங்களும் கப்பல்களுமாக அழகாகத்தான் தயாராயிற்று. கொள்ளைத் தலைவன் ஃபிளிண்டின் கையெழுத்தைக்கூடத் தந்தையே போட்டுக் கொடுத்தார். ஆனாலும் ஸ்டீவன்சனுக்கு அது தம்முடைய தீவாகத் தோன்றவே இல்லை. நாம் புத்தகத்தில் பார்ப்பது அந்த இரண்டாவது படத்தைத்தான்.