சுவத் மொன் காம் பீ

தாய்லாந்தில் டிசம்பர் 31ஆம் நாள் இரவு பௌத்த விகாரைகளில் மக்கள் கூடியமர்ந்து, பிக்குகளுடன் சேர்ந்து நள்ளிரவைக் கடக்கும்வரை ஓதும் வழக்கம் தாய் மொழியில் ‘சுவத் மொன் காம் பீ’ எனப்படுகிறது. இத்தொடரில் ‘சுவத்’ ஓதுதலையும், ‘காம்’ கடத்தலையும், ‘பீ’ ஆண்டையும் குறிக்க, ‘மொன்’ என்பது வடமொழி ‘மந்த்ர’ என்பதன் திரிபாதலால், ‘ஆண்டைக் கடந்து மந்திரம் ஓதுதல்’ என்பது இதன் நேர்ப்பொருளாகும். தொல்காப்பியம் ‘மறைமொழி’ என விளக்கும் ‘மந்திரம்’ என்னும் தமிழ் வழக்கும் இம்மூலத்தோடு தொடர்புடையதே.

பெயரில் மந்திரம் என வழங்கினும், ஓதப்படுவனவற்றுள் முதன்மையானவை ‘பரித்த’ எனப்படும் பாலி மொழிக் காப்புரைகளாகும். ‘சுற்றிலும்’ எனப் பொருள்படும் ‘பரி’ என்னும் முன்னொட்டும் ‘காத்தல்’ எனப் பொருள்படும் வினையடியும் இணைந்து பிறந்த இச்சொல், சிங்களத்தில் ‘பிரித்’ எனக் குறுகி வழங்குகிறது. தமிழில் அருகி வழங்கும் ‘பரித்திராணம்’ என்பதும் இதற்கு உறவுடைய வடசொல்லே. மங்கள சுத்தம், இரத்தின சுத்தம், மெத்த சுத்தம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ‘சுத்தம்’ என்பது இங்குத் தூய்மையன்று, ‘சூத்திரம்’ என்பதன் பாலி வடிவமாகும்.

தாய்லாந்தில் சனவரி முதல் நாள் ஆண்டுத் தொடக்கமாக 1941இல்தான் ஏற்கப்பட்டது என்பதால், ஓதுதல் தொன்மையானதாயினும், அதனை டிசம்பர் இறுதி இரவோடு பிணைக்கும் வழக்கு அண்மைக்காலத்ததே.