கோட்டுக்குள் நில்லாத உயிர்கள்: மணற்கரை மண்டலப் பகுப்பு குறித்து ஒரு மறுபரிசீலனை

பாறைக் கரையில் உயிர்களின் மண்டலங்கள் கண்ணுக்குத் தெரியும். கொட்டலசுகள் ஒரு மட்டத்தில் ஒட்டிக்கொண்டால் சாகும்வரை அங்கேயேதான். ஸ்காட்லாந்துக் கரையில் இவற்றை ஆராய்ந்து ஜோசப் கானல் 1961இல் வெளியிட்ட விளக்கம் புகழ்பெற்றது: மேல் எல்லையை வெயிலும் உலர்வும் வகுக்கின்றன, கீழ் எல்லையை இனங்களுக்கிடையிலான போட்டி வகுக்கிறது. உயிரி நகராது என்பதே இவ்விளக்கத்தின் அடித்தளம். மணற்கரையிலோ ஒட்டிக்கொள்ள ஏதுமில்லை. ஒவ்வோர் அலையும் தரையையே புரட்டிப் போடுகிறது.

ஆயினும் மணற்கரைக்கும் பட்டைகள் வகுக்கப்பட்டன. எரிக் தால் 1952இல் ஓட்டுடலிகளை வைத்து மூன்று பட்டைகளைக் காட்டினார். வெப்பமண்டலக் கரைகளில் மேற்பட்டை பேய் நண்டுகளுக்குரியது. ஓதம் வற்றிய ஒரு நேரத்தில் எந்த உயிரி எங்கே கிடைக்கும் என்பதை அவர் வகுப்பு சரியாகவே சொல்கிறது. அதையே அவ்வுயிரிகளின் இருப்பிடம் என்று கொள்வதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. மணற்கரையில் மண்டலம் என்பது இடமன்று, உயிரியின் நடத்தை.

சோழமண்டலக் கரையின் எமரிட்டா நண்டை எடுத்துக்கொள்வோம். இதற்குக் கொடுக்கு கிடையாது. அலை ஏறி இறங்கும் சரிவில் பின்பக்கமாக நொடிகளில் புதைந்து, கடலை நோக்கியபடி, திரும்பும் நீரில் இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்து நுண்ணுணவை வடித்து உண்கிறது. ஓதம் ஏறினால் அலையோடு மேலே வருகிறது. வற்றினால் கீழே இறங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்பிரமணியம் 1981இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வியப்பைத் தந்தது: சில மில்லிமீட்டர் நீளத்திலேயே ஆணாக முதிரும் இந்நண்டு, வளர வளர ஆண்மை குன்றிப் பெண்ணாகிறது. பெரிய கண்ணுள்ள சல்லடையால் அரித்தால் சிறிய ஆண்கள் நழுவிவிடும். அத்தகைய கணக்கெடுப்பைக் கொண்டு ஒரு கரையை ‘உயிரற்றது’ என்று சொல்வது பெரும் அநீதி.

பேய் நண்டின் நடமாட்டம் இதைவிட அகலமானது. தமிழகக் கரையில் காணப்படும் ஓசிபோடே மாக்ரோசீரா, ஓசிபோடே பிளாட்டிடார்சிஸ் இரண்டும் ஈரமணலை எட்டும்வரை வளை தோண்டுகின்றன. பேய் நண்டுகள் காற்றைச் சுவாசித்தாலும் செவுள் உலரக் கூடாது. கால்களின் அடியிலுள்ள மயிர்க்கற்றைகளால் மணலின் ஈரத்தை உறிஞ்சிச் செவுளை நனைக்கின்றன. வளை மேட்டில், இரை அலைவாயில், இளவுயிரிகளை விடுவதோ கடலில். இவை வெறும் துப்புரவாளர்கள் என்ற எண்ணமும் பிழை. வட கரோலினாவில் வேறொரு பேய் நண்டு இனத்தை ஆராய்ந்த வோல்காட், அதன் உணவில் மிகப் பெரும்பங்கு உயிருள்ள எமரிட்டாவும் டோனாக்ஸ் மட்டியுமே என்று 1978இல் காட்டினார். கரையின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் இந்த வேட்டை ஒன்றாகக் கட்டுகிறது.

சட்டம் இந்தக் கட்டை அறுக்கிறது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டுக்கும் தாழ் ஓதக் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை ஒரு வகையிலும், கோட்டுக்கு மேலுள்ள நகர்ப்புறக் கரையை வேறொரு வகையிலும் வைக்கிறது. ஆக, நண்டின் இரைக்களம் ஒரு வகையில், வளை இன்னொரு வகையில். சென்னையில் பெருவோதத்தின் வீச்சே ஏறத்தாழ 1 மீட்டர்தான். கரையை ஆண்டுதோறும் மாற்றியமைப்பதில் ஓதத்தைவிட வடகிழக்குப் பருவமழைக்கால அலைகளுக்கே கூடுதல் பங்கு. கோடு நிற்கிறது, கரை நகர்கிறது.

நகரும் கரையைத் தடுக்கக் கற்சுவர் எழும்போது முதலில் பறிபோவது மேற்பட்டை. வடக்கு நோக்கி நகரும் மணலைச் சென்னைத் துறைமுகம் தடுத்ததால் மெரினா அகன்றது; இராயபுரத்திற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டு, கல் கொட்ட வேண்டியதாயிற்று. கல்லில் வளை தோண்ட முடியாது. மணல்மேடுகளின் இடத்தைச் சுவர்கள் பிடித்த சிட்னி நகரக் கடற்கரைகளில் நண்டு வளைகள் குறைவு என்று பாரோஸ் 2001இல் நிறுவினார். வளைகளை எண்ணுவது எளிய, மலிவான முறை. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் எல்லா வளையிலும் நண்டு இருப்பதில்லை. எச்சில் உணவு குவியும் கரையில் நண்டு பெருகினால் அது நலத்தின் அடையாளமும் ஆகாது.

எனவே சுவருக்கோ தூண்டில் வளைவுக்கோ அனுமதி தருமுன் செய்யும் மதிப்பீடு, பருவமழைக்கு முன்னும் பின்னும், பகலிலும் இரவிலும், மணல்மேட்டின் அடியிலிருந்து அலைவாய்வரை ஒரே தொடர்ச்சியாக நடக்க வேண்டும். வளைகளின் எண்ணிக்கையோடு எமரிட்டா, மட்டி ஆகியவற்றின் அடர்த்தியும் நுண்சல்லடையில் அளக்கப்பட வேண்டும். இரையை விட்டுவிட்டு வேட்டையாடியை மட்டும் எண்ணும் அறிக்கையை ஏற்கக் கூடாது.