ஆகாயமும் ஈதரும்

ஏலமலைத் தொடரின் கீழைச் சாரலில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே இராசிங்காபுரம் என்னும் ஊர் உளது. அதற்கு அணித்தாகிய பொட்டிப்புரத்து எல்லையில் நிற்பது அம்பரப்பர் மலை. அம்பரம் என்னுஞ் சொல்லின் பொருள்களுள் ஆகாயம் என்பதும் ஒன்று. மலை அப்பெயர் பெற்ற காரணம் யாதாயினும் ஆகுக. கண்ணுக்குப் புலனாகாத துகளொன்றை ஆராய்தற்கு இந்திய விஞ்ஞானிகள் அம்மலையையே தெரிந்தெடுத்தனர். வெளி என வழங்குவது வெறும் பாழோ, காணப்படாத பொருளொன்றால் நிரம்பியதோ என்னும் வழக்கு சைவ நூல்களுக்குப் புதிதன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் முதற்கண் எடுத்து மறுப்பது உலோகாயதர் கொள்கை. காட்சி ஒன்றனையே அளவையாகக் கொள்ளும் அவர்க்குப் பூதம் நான்கே. காணப்படாத ஆகாயம் ஐந்தாவதாதல் இல்லை. பௌத்தருட் சௌத்திராந்திகர், தடுக்கும் பொருள் இன்மையே ஆகாயம் என்பர். நியாய வைசேடிகரோ ஆகாயம் உண்டென உடன்பட்டு, அஃது ஓசையைக் குணமாகவுடைய நித்தியப் பொருள் என்றனர். சித்தாந்தம் இவருள் ஒருவரோடும் முற்ற உடன்படுவதன்று. ஆகாயம் உள்பொருளே, ஆயினும் ஓசைத் தன்மாத்திரையினின்று தோன்றி, ஒடுங்குங்காலத்து ஒடுங்குவது. முப்பத்தாறு தத்துவங்களுள் அதுவும் ஒன்று. ஏனைப் பூதங்கட்கு இடங்கொடுத்து நிற்றல் அதன் தொழில். தொழிலுடையதொன்றை வெறும் இன்மை என்றல் பொருந்தாமை இதனாற் போதரும்.

இனி, மேனாட்டார் இவ்வினாவை அடைந்த வழி வேறு. ஒளி அலையாயின் அது யாண்டு அலைகின்றது? நீரலைக்கு நீரும் ஓசையலைக்குக் காற்றும் நிலைக்களமாதல் போல, ஒளியலைக்கும் வெளியெங்கும் நிறைந்ததொரு நுண்பொருள் வேண்டுமென்று கருதி, அதற்கு ஈதர் எனப் பெயரிட்டனர். ஹாய்கன்ஸ் 1690இல் வெளியிட்ட ஒளி நூலில் இக்கருத்து உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈதரை ஐயுற்றார் மிகச் சிலரே. அதன் இலக்கணமோ விந்தையானது: ஒளியின் விரைவிற்கேற்ப எஃகினும் விறைப்பாதல் வேண்டும், கோள்களின் செலவைச் சிறிதும் தடுத்தலும் ஆகாது!

நிலவுலகம் ஞாயிற்றைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் செல்வது. ஈதர் உளதாயின், ஓடும் வண்டியில் இருப்பார்மேற் காற்று வீசுதல் போல, அதன் ஓட்டம் நிலவுலகின்மேற் புலப்படல் வேண்டும். மைக்கெல்சன் 1881இல் போட்ஸ்டாமிலும், மார்லியோடு 1887இல் கிளீவ்லாந்திலும் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றற்கொன்று செங்குத்தாகச் செலுத்தி மீட்டு ஒப்பிட்டனர். எதிர்பார்த்த வேறுபாடு காணப்பட்டிலது. 1905இல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சார்புக் கொள்கையில் ஈதர் வேண்டாத மிகையாயிற்று. அவரே 1920இல் லைடன் நகரத்துப் பேருரையில், வெளிக்கும் இயற்பண்புகள் உளவாகலின் அவ்வளவில் ஈதர் உண்டெனலாம், பருப்பொருள்போல் இயங்குவதாக அதனைக் கருதலாகாது என்று உரைத்தார். 2012இல் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டமை, வெளியெங்கும் ஒரு புலம் பரந்துளது என்னும் கொள்கைக்கு வலிதந்தது. வெளி பாழ் என்பார் மேனாட்டிலும் இன்று அரியர்.

ஈதர் அரசிருந்த காலமே சைவ நூல்கள் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்ட காலமும் ஆயிற்று. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் சிவஞானபோத மொழிபெயர்ப்பு 1895இல் வெளிவந்தது. அந்நாளைய மொழிபெயர்ப்பாளர் பலர் ஆகாயத்தை ஈதர் என்றே பெயர்த்தனர். நம் முன்னோர் கண்டதையே மேனாட்டாரும் கண்டனர் என்னும் மகிழ்ச்சி அதனுள் இருந்தது. அம்மகிழ்ச்சி இடர் விளைத்தது. ஈதர் வீழ்ந்தபோது ஆகாயமும் உடன் வீழ்ந்ததுபோற் சிலர்க்குத் தோன்றிற்று. உண்மையில் இரண்டும் ஒன்றல்ல. ஈதர் ஒளிக்கு நிலைக்களமாகக் கருதப்பட்டது. ஆகாயத்தின் குணம் ஓசை, தொழில் இடங்கொடுத்தல். மைக்கெல்சனின் கண்ணாடிகள் ஆகாயத்தை அளக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அம்பரப்பர் மலையில் ஆராய எண்ணிய நியூட்ரினோவின் வரலாறு இவ்விடத்து நோக்கற்பாலது. பீட்டாச் சிதைவில் ஆற்றல் குறைவதுபோற் காணப்பட, ஆற்றல் அழியாதாகலின் காணப்படாத துகளொன்று அதனைக் கொண்டு செல்லுதல் வேண்டுமென்று 1930இல் பௌலி கருதினார். ரைனசும் கோவனும் 1956இல் அதனைக் கருவியாற் கண்டனர். இடைப்பட்ட 26 ஆண்டும் அது கருதலளவையால் மட்டுமே உள்பொருள். உலோகாயதர் இதற்கு விடை கூறல் அரிது. ஆயின் ஈதரும் கருதலால் வந்ததே. அலையெல்லாம் ஊடகத்தை வேண்டும் என்ற உடனிகழ்ச்சி நீரிலும் காற்றிலும் கண்டு பொதுமையாக்கப்பட்டது. ஒளியில் அது பிழைத்தது. ஆற்றல் அழியாமையோ பிழைத்திலது. ஏதுவின் வலியே இரண்டையும் வேறுபடுத்திற்று.

ஞாயிற்றினின்று வரும் நியூட்ரினோக்கள் மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி ஊடுருவிச் செல்வன. இவையே ஆகாயம் என்று இனி எவரேனும் கூறுவராயின், ஈதர் செய்த பிழை மீண்டும் செய்யப்பட்டதாம். இவை வெளியில் இயங்குவன. இயங்குவதற்கு இடம் வேண்டுவன.

கோலார்ப் பொற்சுரங்கத்தில், நிலத்தின்கீழ் 2 கிலோமீட்டருக்கு மிக்க ஆழத்தில், 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடம் கண்ட பெருமை இந்திய நாட்டிற்கு உண்டு. அவ்வழியில் அம்பரப்பர் மலையுள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்ச் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவி நிறுவ எண்ணினர். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் இசைந்தது. வெடிவைத்துக் குடைதலால் மலைக்கும் நீருக்கும் காட்டிற்கும் ஊறு நேருமென்று சுற்றூரார் அஞ்சினர். காணப்படாத துகளினும் அவர்க்குக் காணப்படும் கிணறு பெரிது. அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளுதல் முறையன்று. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அனுமதித்தது. 2022 பிப்ரவரியில், இத்திட்டத்திற்கு இசைய இயலாதெனத் தமிழ்நாட்டரசு உச்சநீதிமன்றத்திற்கு உரைத்தது. மூவகை நியூட்ரினோக்களின் நிறைவரிசை யாது என்று அம்மலையுள் ஆராய எண்ணிய வினாவை, சீன நாட்டு ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் நிலத்தின்கீழ் 700 மீட்டர் ஆழத்தில் ஆராயத் தொடங்கிற்று.